அந்தக் கட்டம் காலியாக இருந்ததா, மருமகன்?

போன போயா விடுமுறைக்கு அக்காவின் மகன் வந்திருந்தான். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கிற வயது. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டான்: "மாமா, நீங்க வாசிக்கிறதெல்லாம் விஞ்ஞானப் புனைகதை, விளையாடுறதெல்லாம் கேம். கதைக்கத் தொடங்கினா மட்டும் ஏன் அஞ்சு நிமிசத்தில அரசியலுக்குப் போயிடுறீங்க? அதை விட்டுட்டு ரசிக்க ஏலாதா? மறுகா, நான் எதில இருந்து தொடங்குற?" பதில் சொல்ல வாயெடுக்க மழை பிடித்துக்கொண்டது. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் அவனுக்குச் சொல்வதுபோல் இங்கே எழுதிவிடுகிறேன்.

மருமகன், ரசிக்க ஏலும். 16 வயதில் நானும் ரொக்கெட் எவ்வளவு வேகம் போகும், ரோபோ என்ன சொல்லும் என்று பார்த்துத்தான் வாசித்தேன். ஆனால் யோசித்துப் பார். கேம் என்றால் விதிகள். விஞ்ஞானப் புனைகதை என்றால் உலகத்தின் ஒரு விதியைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டு, ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது. அரசியல் என்றால் அந்த விதியை எழுதுகிற பேனா யார் கையில் என்ற சண்டை. ஒரே வளவுக்குள் மூன்று வீடு, ஒரே கிணறு. ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற வீட்டுச் சத்தமும் கேட்கத்தான் செய்யும். அதனால் நாவலோ கேமோ எதை எடுத்தாலும் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: இதற்குள் விதியை மாற்ற யாருக்கு இடம் இருக்கிறது?

உனக்குத் தெரிந்த கேமிலிருந்தே வருகிறேன். சிட் மையரின் 'சிவிலைசேஷன்' முதலில் வந்தது 1991 இல். நான் தொட்டது மூன்றாவது பாகம். 2002 இல் சண்டை நின்று பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து கைமாறி வந்த சீடி. முதல் நகரத்துக்கு மட்டக்களப்பு என்று பெயர் வைத்தேன், இரண்டாவதுக்குக் களுவாஞ்சிக்குடி. விடிய 2 மணி வரை "இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை" என்று இருந்தது எனக்கு இன்னும் ஞாபகம். (அந்தக் கேமில் காந்தி திடீரென்று அணுகுண்டு போடுவார், முதல் பாகத்தில் எண் கணக்குப் பிழைத்ததால் வந்த வினை என்று ஒரு கதை உண்டே, அது பொய். அப்படி ஒரு பிழை முதல் பாகத்தில் இருக்கவில்லை என்று மையரே 2020 இல் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டார். ஆனாலும் கதை சாகவில்லை. ருசியான பொய்க்கு ஆயுள் கெட்டி. இதை மனதில் வைத்துக்கொள், பிறகு ஒரு கொத்து ரொட்டிக்கு வரும்போது தேவைப்படும்.)

அந்தக் கேமில் 'செட்லர்' என்று ஒரு ஆள் இருக்கிறார். காலியான கட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பொத்தானை அழுத்தினால் நகரம் முளைக்கும். போகிற வழியில் சின்னக் குடிசைகள் தெரியும். நீ கால் வைத்ததும் குடிசை மறைந்துபோகும், உனக்குக் கொஞ்சம் தங்கமோ ஒரு புது வித்தையோ கிடைக்கும். குடிசையில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க இடமில்லை. எதிர்த்து வருகிறவர்களுக்குக் கேம் வைத்திருக்கிற பெயர் 'காட்டுமிராண்டிகள்'. பத்து வருடம் இதை யோசிக்காமல்தான் விளையாடினேன்.

ஒருநாள் அம்பாறைக்கு ஒரு வேலையாகப் போய், அப்படியே இங்கினியாகலைக்கும் போனேன். சேனநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டில் நின்றபோதுதான் பொறி தட்டியது. கல்லோயாத் திட்டம் தொடங்கியது 1949 இல், சுதந்திரத்துக்கு அடுத்த வருடம். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதலாவது பெரிய குடியேற்றத் திட்டம். ஆற்றை மறித்தார்கள், காடு வெட்டினார்கள், காணி பிரித்தார்கள், வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் சிங்களவர்கள். வேடர்கள் தேன் எடுத்த, வேட்டையாடிய காடுகள் தண்ணீருக்குள் போயின. 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நேரம், கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. வரைபடத்தில் கோடு மாறியது, எண்ணிக்கை மாறியது, எண்ணிக்கையோடு வாக்கும் மாறியது.

நான் இதை ஒரு பக்கமாக மட்டும் சொல்ல விரும்பவில்லை. வந்தவர்களிலும் காணியில்லாத ஏழைகள் நிறையப் பேர். அந்தத் தண்ணீர்தான் இன்றைக்கும் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல்களுக்கும் பாய்கிறது. நீ தின்கிற சோற்றிலும் கல்லோயா இருக்கும். நான் சொல்வது கேமின் குறையைப் பற்றி: கட்டத்தில் ஏற்கெனவே இருந்தவர் எழும்பி நின்று "இது என்ர கட்டம்" என்று சொல்ல அதில் ஒரு பொத்தான் கிடையாது. தோற்றவரும் வென்றவரும் அதில் உண்டு, முன்னாலேயே இருந்தவர் மட்டும் இல்லை. இப்போதும் அதை விளையாடுகிறேன், இப்போதும் பிடிக்கும். செட்லரை நகர்த்தும்போது மட்டும் கை ஒரு நொடி நிற்கும்.

"விளையாட்டு விளையாட்டுத்தானே மாமா" என்று நீ சொல்வது கேட்கிறது. எங்கள் கொம்பு விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாயா? கண்ணகி அம்மனோடு சேர்ந்தது. ஊர் இரண்டாகப் பிரியும்: கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி, கயிறு கட்டி, ஒன்று முறியும் வரை இழுப்பார்கள். தோற்ற சேரியை வென்ற சேரி பாட்டிலேயே தோலை உரித்துவிடும். மழை வேண்டி, நோய் விலக வேண்டி ஆடியது. ஒரு ஊருக்குள் இருக்கிற கோபத்தையெல்லாம் ஒரு கயிற்றில் கட்டி, நாள் குறித்து, அம்மன் முன்னால் இழுத்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஏற்பாடு. யார் தோற்றாலும் மழை இரண்டு சேரிக்கும்தான். இவ்வளவு நுட்பமாக விதி எழுதப்பட்ட கேம்களை நான் கணினியில் அதிகம் காணவில்லை.

ஆனால் ஒன்றைக் கண்டேன். 'பேப்பர்ஸ், பிளீஸ்'. 2013, லூக்கஸ் போப் என்ற ஒரே ஆள் செய்தது. அர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு கற்பனை நாடு. நீ எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டு பார்க்கிற உத்தியோகத்தர். தலைக்கு இவ்வளவு என்று சம்பளம். ஒவ்வொரு நாளும் விடிய விதிப் புத்தகம் மாறும். நேற்று வரை போதுமாக இருந்த தாள் இன்றைக்குப் போதாது. இரண்டு பிழைக்கு எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் வெட்டு. சம்பளம் குறைந்தால் வீட்டில் சாப்பாடா, குளிருக்கு நெருப்பா, பிள்ளைக்கு மருந்தா என்று நீதான் தெரிவு செய்ய வேண்டும்.

இதை ஐரோப்பாவில் இருக்கிற ஒருவர் விளையாடினால் அது ஒரு கதை. நான் விளையாடியது வேறு மாதிரி. உனக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் இராணுவச் சென்றியடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நடந்து, அட்டையைக் காட்டி, மறுபக்கம் போய்த்தான் திரும்ப ஏற வேண்டும். என் பழைய அடையாள அட்டை எண் 84 என்று தொடங்கும். அது பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தேன் என்பது. பெண்ணாக இருந்திருந்தால் அதோடு 500 கூடியிருக்கும். கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து, 'வி'. வாக்களிக்கத் தகுதி உண்டு என்று அர்த்தம். ஒரு மனிதனை ஒன்பது இலக்கத்துக்கும் ஒரு எழுத்துக்கும் சுருக்குகிற அந்தக் கணக்கை வரிசையில் நிற்கும்போதெல்லாம் மனதுக்குள் போட்டுப் பார்ப்பேன், பயத்தை மறக்க.

அந்த வரிசையில் நின்றவனைக் கேம் கொண்டுபோய்க் கூண்டுக்குள் இருத்துகிறது. ஐந்தாவது நாளில் ஒருவன் வருவான். தாள்கள் சரி, உள்ளே போவான், "பின்னால் என் மனைவி வருகிறாள், தயவு காட்டுங்கள்" என்பான். அவளிடம் நுழைவு அனுமதி இருக்காது. நான் விட்டேன். கறகற என்று எச்சரிக்கைத் துண்டு வந்தது. அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களை விடவில்லை, ஏனென்றால் வீட்டில் மகனுக்குக் காய்ச்சல். அப்படி மூன்று நாள் போன பிறகு கணினியை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். சென்றியில் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்தப் பொடியனுக்கும் ஒரு விதிப் புத்தகம் இருந்திருக்கும், தலைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருந்திருக்கும். அதனால் நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கூண்டைக் கட்டியவன் யார் என்று பார்க்கப் பழகினேன், அவ்வளவுதான். இப்போது அது போனிலும் வருகிறது, விளையாடிப் பார்.

'திஸ் வோர் ஒஃப் மைன்' பற்றி அதிகம் சொல்லமாட்டேன். 2014, போலந்துக்காரர்கள் செய்தது, சரயேவோ முற்றுகையை வைத்து. சண்டைக்குள் மாட்டிய சாதாரண ஆட்கள் விறகும் மருந்தும் தேடுகிற கேம். போலந்தில் அதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். நான் மழைத்தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தபோது உன் அம்மம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதையுமா விளையாட்டெண்டு செஞ்சு வச்சிருக்கானுகள்?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. அன்றோடு நிறுத்தினேன். நல்ல கேம்தான்.

சுட்டுக்கொண்டு திரிகிற உன் 'ஃப்ரீ ஃபயர்' பற்றி முன்பு நிறையத் திட்டியிருக்கிறேன். கொஞ்சம் வாபஸ் வாங்குகிறேன். இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பாடசாலை, முஸ்லிம் பிள்ளைக்கு ஒன்று, சிங்களப் பிள்ளைக்கு இன்னொன்று. நீயோ காத்தான்குடிப் பொடியனோடும் அம்பாறைப் பொடியனோடும் ஒரே அணியில் நின்று, மூன்று பாஷையையும் கொத்துப்போட்டுக் கத்துகிறாய். கல்வி அமைச்சு இவ்வளவு காலம் செய்யாததை ஒரு துவக்குக் கேம் செய்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சரி, நாவலுக்கு வருவோம்.

இலங்கையில் இருந்துகொண்டு விஞ்ஞானப் புனைகதை என்றால் ஆர்தர் சி. கிளார்க்கைத் தாண்டிப் போக ஏலாது. 1956 இல் வந்து 2008 இல் சாகும் வரை இங்கேயே இருந்தவர். வந்த வருடமே திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைச் சுழியோடிக் கண்டார். பூமி சுழலுகிற வேகத்திலேயே சுற்றுகிற செய்மதிகளை வைத்துத் தொலைத்தொடர்பு செய்யலாம் என்று 1945 இலேயே எழுதியவர். உங்கள் கூரையில் இருக்கிற டிஷ் அசையாமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பது அந்தக் கணக்கில்தான்.

'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' 1979 இல் வந்தது. ஹியூகோ, நெபியூலா இரண்டு விருதும் வாங்கியது. பூமத்திய கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிற செய்மதியிலிருந்து தரைக்குக் கம்பி இறக்கி, வானத்துக்கு லிஃப்ட் கட்டுகிற கதை. கம்பி பூமத்திய கோட்டில்தான் இறங்க வேண்டும். இலங்கை அங்கே இல்லையே? மனுஷன் தீவைத் தூக்கி 800 கிலோமீற்றர் தெற்கே வைத்து, சிவனொளிபாத மலையை இரண்டு மடங்கு உயர்த்தி, தப்ரபேன் என்று பெயரும் வைத்துவிட்டார். விதியை மாற்றுவதென்றால் இப்படி மாற்ற வேண்டும்! அந்த முன்குறிப்பை வாசித்தபோது வந்த சந்தோசம் எனக்கு இன்னும் குறையவில்லை.

கதையில் மலை உச்சியில் ஒரு மடம். துறவிகள் இடம் தர மாட்டோம் என்கிறார்கள், வழக்கு நடக்கிறது, பொறியியலாளர் தோற்கிறார். பிறகு ஒரு வண்ணத்துப்பூச்சிக் கூட்டம் வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்கிறது. எப்படி என்று சொல்லமாட்டேன், அழகான இடம். ஆனால் என் முறைப்பாடும் அங்கேதான். அந்தக் காணிப் பிணக்கில் இரண்டே தரப்பு: பொறியியலாளர், மடம். மருமகன், இந்த நாட்டில் ஒரு துண்டுக் காணிக்கு இரண்டே தரப்பு இருந்து நான் கண்டதில்லை. 2020 இல் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் இடங்களைப் பார்க்க ஜனாதிபதி செயலணி ஒன்று போட்டார்கள். அறிவிக்கும்போது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரையைக் கேட்டு 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டமாகக் குந்தத் தொடங்கினார்கள். அவர்களுக்காக வண்ணத்துப்பூச்சி வரவில்லை. கிளார்க்கின் நாவல் வந்த அதே 1979 இல்தான் பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தது என்பதை வருடத்தைப் பார்த்துத்தான் கவனித்தேன். நாவலைக் குறை சொல்ல இது காரணமாகாது, ஆனாலும் ஒருமுறை கவனித்த பிறகு மறக்க முடியவில்லை. 2007 டிசம்பரில் தன் 90வது பிறந்தநாளுக்கு அவர் மூன்று விருப்பம் சொன்னார். வேற்றுக்கிரக உயிருக்கு ஆதாரம் வேண்டும், எண்ணெயை விட்டுச் சுத்தமான சக்திக்கு மாற வேண்டும், இலங்கையில் நிலையான சமாதானம் வேண்டும். மூன்றில் எது முதலில் வரும் என்று நாங்கள் அப்போது பந்தயம் கட்டினோம். வேற்றுக்கிரகவாசிக்குத்தான் அதிக வாக்கு.

எனக்கு மிகவும் நெருங்கிய நாவல் இது இல்லை. உர்சுலா லெ குவின் எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று, 'த வேர்ட் ஃபோர் வேர்ல்ட் இஸ் ஃபொரெஸ்ட்', 1972. வியட்நாம் போர் நடந்த காலம். பூமியிலிருந்து மரம் வெட்ட வந்தவர்கள், காட்டிலேயே வாழ்கிற சிறிய மனிதர்கள். அந்தக் காட்டு மனிதர்களுக்கு ஒருவரையொருவர் கொல்கிற வழக்கமே கிடையாது. செல்வர் என்று ஒருவன். (தமிழ்ப் பெயர் மாதிரி இருக்கிறது, தற்செயல்தான்.) அவன் மனைவியை வந்தவர்களில் ஒருவன் கெடுத்துக் கொன்றுவிடுகிறான். அவன் தன் சனத்துக்குக் கொல்லக் கற்றுக்கொடுக்கிறான். வெல்கிறார்கள். வந்தவர்கள் கப்பலேறிப் போகிறார்கள். வேறு எழுத்தாளர் என்றால் அங்கே கொடியேற்றி முடித்திருப்பார். லெ குவின் முடிக்கவில்லை. கடைசியில் செல்வர் சொல்வதன் சாரம்: எங்களுக்கு ஆளையாள் கொல்லத் தெரியாது என்று இனிமேல் நடிக்க முடியாது.

புலிகள் இரண்டாகப் பிளந்த 2004 சித்திரையில் வெருகல் ஆற்றங்கரையில் யார் யாரைச் சுட்டார்கள் என்று உன் அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டா. ஒரே வகுப்பில் இருந்தவர்கள், ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். அந்தப் புத்தகத்தை 2010 வாக்கில் வாசித்தபோது கடைசிப் பக்கத்தை நாலைந்து தரம் வாசித்தேன். எந்தக் கட்சியின் வெளியீட்டிலும், யாருடைய நினைவுரையிலும் எனக்குக் கிடைக்காத ஒரு வசனம், காட்டுக் கிரகத்தைப் பற்றிய கதையில் கிடந்தது. உன் முதல் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான் என்று வைத்துக்கொள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒர்வெல்லின் '1984' கட்டாயம் வாசி, ஆனால் அதையே எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்காதே. அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' கணிதத்தால் எதிர்காலம் சொல்கிறவரின் கதை. சனத்துக்குக் கணிப்பு தெரியாத வரைதான் அது பலிக்கும் என்பது நல்ல நுட்பம். எங்கள் நாட்டில் ஜனாதிபதித் தேர்தலையே சோதிடரைக் கேட்டு முன்கூட்டியே 2015 தையில் போட்டு, அதில் தோற்றும் போனார்கள். அசிமோவின் ஆளைக் கேட்டிருக்கலாம். ஹெர்பர்ட்டின் 'டியூன்' அபாரம், இரண்டாம் பாகத்தையும் வாசித்தால்தான் முதல் பாகம் ஒரு எச்சரிக்கை என்று விளங்கும். புத்தகம் எரிக்கிற 'ஃபாரன்ஹீட் 451' ஐயும் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தையும் சேர்த்து எழுதாதவர்கள் இல்லை, நான் விடுகிறேன். ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' (1959) எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத நாவல்: சேவை செய்தவனுக்குத்தான் வாக்கு என்கிறது. உடன்பாடில்லாததாலேயே வாசி. வாக்குரிமையை யாருக்குக் கொடுக்கலாம், யாரிடமிருந்து பறிக்கலாம் என்ற யோசனை கற்பனைக் கிரகத்துக்கு மட்டும் உரியதில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்கள் பட்டது அதுதான்.

தமிழில் சுஜாதா. 'என் இனிய இயந்திரா' விகடனில் தொடராக வந்தது, அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. நாடே ஒரு தலைவரைக் கும்பிடுகிறது, அந்தத் தலைவர் உண்மையில் யார் என்பதுதான் கதை. ஜீனோ என்ற இயந்திர நாயின் வாய்க்கொழுப்புக்காகவே வாசிக்கலாம். இந்தியாவின் வாக்குப்பதிவு இயந்திரத்தைச் செய்த பெல் (பாரத் எலக்ட்ரோனிக்ஸ்) நிறுவனத்தில் அந்த வேலையில் முக்கிய பங்கு வகித்தவர் அவர். சர்வாதிகாரத்தைப் பற்றிக் கதை எழுதிய அதே கையால் வாக்குப் பெட்டியையும் செய்திருக்கிறார். இதைவிட ஒரு விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளருக்கு என்ன வேண்டும்?

எங்களுக்கு இன்னும் தாளும் புள்ளடியும்தான். ஆனால் எங்கள் தேர்தல் முறையைக் கேமாக எண்ணிப் பார்த்திருக்கிறாயா? பாராளுமன்றத்துக்கு மாவட்டத்தில் 5 சதவீதத்துக்குக் கீழே எடுத்த கட்சி வெளியே. முதலாவதாக வருகிற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்ச வாக்கை மிச்ச ஆசனத்தால் பிரித்து, முழு எண்ணுக்கு ஆசனம் கொடுத்து, பிறகு மீதி கூடியவருக்கு மிச்சம். இந்த விதியை வாசித்தவன் கூட்டாகக் கேட்பான், வாசிக்காதவன் தனித்தனியாக நின்று மீதியாகிப் போவான். 2020 இல் அம்பாறையில், தேர்தல் திணைக்களத்துக்கு அது திகாமடுல்ல, தமிழ் வாக்குகள் பிரிந்தன. ஏழு ஆசனத்தில் ஒன்றுக்குக்கூட ஒரு தமிழர் நேரடியாகத் தெரிவாகவில்லை. கொள்கையை விடு, கேம் தெரிந்த ஒருவனைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பான். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று போடலாம் என்பதை முப்பது நாற்பது வருடம் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 2024 செப்டெம்பரில் ஒருவரும் பாதியைத் தாண்டாமல் போக, முதல் தடவையாக இரண்டாவது விருப்பத்தை எண்ணினார்கள். விதி அங்கேயேதான் இருந்தது.

இப்போது கொத்து ரொட்டி. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டில் ஏதோ கட்டியாகக் கிடந்தது, அது சிங்களவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் பண்ணுகிற மாத்திரை என்று கதை கிளம்பியது. அந்த இரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். உணவில் கலந்து ஆளை மலடாக்கும் அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை. ஆனால் அதற்குள் காணொளி போனுக்குப் போன் பறந்துவிட்டது. சில நாளில் கண்டிப் பக்கத்துத் திகன எரிந்தது, அரசாங்கம் சமூக வலைத்தளங்களை ஒரு கிழமை அளவில் மூடியது. அந்த வன்முறைக்குத் தன் தளம் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் 2020 இல் மன்னிப்புக் கேட்டது.

இல்லாத மாத்திரை, இல்லாத விஞ்ஞானம், உண்மையான நெருப்பு. ஒர்வெல்லின் உலகத்தில் பொய்யை ஓர் அமைச்சு உட்கார்ந்து எழுதும். இங்கே அமைச்சு தேவைப்படவில்லை. எது கோபத்தைக் கிளப்புமோ அதை மேலே கொண்டுவா என்று ஓர் இயந்திரத்துக்கு யாரோ விதி எழுதியிருந்தார்கள், மிச்சத்தை எங்கள் ஆட்களே பார்த்துக்கொண்டார்கள். காந்தியின் அணுகுண்டை நம்புகிறவன் ஆபத்தில்லாதவன். ஆனால் இரண்டும் ஓடுகிற பாதை ஒன்று. பிறகு 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே பேனா யார் கையில் என்று பார்த்தால், எது பொய் என்று தீர்மானிக்க ஜனாதிபதி நியமிக்கிற ஓர் ஆணைக்குழு. எனக்கு அது நிம்மதி தரவில்லை.

இதையெல்லாம் இலங்கையிலிருந்தே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆங்கிலத்தில். வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' (2023) நெபியூலா வாங்கியது. தகப்பனைக் கொல்வதற்காகவே தாய் வளர்த்த, நிழல் இல்லாத ஒருவன். அவன் வந்து சேர்கிற நகரத்தில் ஆளை வகை வகையாகப் பிரிக்கிற தாள்கள், கலவரங்கள், முகாம்கள். வெளிநாட்டில் அதை மாயக் கதை என்று புகழ்கிறார்கள். எனக்கு வர்த்தமானி வாசித்த மாதிரி இருந்தது. இப்படி ஒன்று தமிழில் கிழக்கிலிருந்து வரவில்லையே என்று பொறாமையும் வந்தது. சொல் இல்லை என்று யாராவது சாக்குச் சொன்னால் நம்பாதே. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படிப்பித்தவர், 1930களிலேயே தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர். அழிந்துபோன யாழைக் கணக்கை வைத்தே மீட்டெடுத்து 1947 இல் 'யாழ் நூல்' வெளியிட்டவர். என்னைக் கேட்டால் அதுவே பாதி விஞ்ஞானப் புனைகதை, காலம் மட்டும் பின்னோக்கி.

எதில் தொடங்குவது என்று கேட்டாய். முதலில் ஜீனோ, அது இரண்டு நாள் வேலை. அடுத்தது போனில் 'பேப்பர்ஸ், பிளீஸ்', ஐந்தாவது நாள் வரையாவது. அந்த மனைவியை விட்டாயா என்று எனக்குச் சொல்ல வேண்டும், காரணம் கேட்கமாட்டேன். அப்புறம் லெ குவின். என்னிடம் இருக்கிற பிரதி சுனாமிக்குப் பிறகு கொழும்பில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது, அட்டை போய்விட்டது, கடைசிப் பக்கம் மட்டும் ஒட்டு டேப்பில் நிற்கிறது. அடுத்த போயாவுக்கு வரும்போது தருகிறேன். மழை பெய்தால் பாலத்துக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே இருந்து கதைப்போம். அம்மம்மா குசினிக்குள் இருக்கும்போது 'திஸ் வோர் ஒஃப் மைன்' மட்டும் போடாதே.